நுவரெலியாத் தூறலும் திருகோணமலைக் கச்சானும்

ஆடி மாதத்துத் திருகோணமலையில் கச்சான் என்ற தென்மேல் காற்று வீசத் தொடங்கினால் அதில் ஈரமே இருக்காது. கொடியில் போட்ட சாரம் கொஞ்ச நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும், உதடு வெடிக்கும், வெப்பம் 35 பாகையைத் தொடும். இந்த வெக்கைக்குத் தப்பி, விடுமுறையில் வான் பிடித்து நுவரெலியாவுக்குப் போகும் குடும்பங்கள் பல. அங்கே கிரகரி வாவிக் கரையில் ஸ்வெட்டரும் குடையுமாக நடுங்கிக்கொண்டு நிற்கும்போது, அந்த ஊருக்கும் நம் ஊருக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். ஆனால் அந்தத் தூறலுக்கும் இந்த வெக்கைக்கும் நேரான உறவு உண்டு.

முதலில் குளிர். திருகோணமலையில் வாங்கிய சிப்ஸ் பைக்கற் ஒன்றைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வரை அதில் பெரிய மாற்றம் தெரியாது. கண்டி தாண்டி, ரம்பொடை வளைவுகளில் வான் ஏற ஏற அது உப்பும். நுவரெலியாவில் இறங்கும்போது விரலால் அமுக்கினாலும் குழி விழாத அளவுக்கு விறைத்திருக்கும். உள்ளே காற்றுக் கூடவில்லை. வெளியே அமுக்கம் குறைந்துவிட்டது. அந்த ஊர் சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுவதும், பருப்பு அவியச் சுணங்குவதும் இதனால்தான்.

மலையில் மோதி மேலேறும் காற்றும் அந்தப் பைக்கற்றுக் காற்றைப் போலவே விரிகிறது. விரிய வேண்டுமானால் சுற்றியுள்ள காற்றைத் தள்ள வேண்டும். அந்த வேலைக்கான சக்தியைத் தன் வெப்பத்திலிருந்தே எடுக்கிறது. அதனால் ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறக்குறைய 10 பாகை குளிர்கிறது. மலை சூரியனுக்குக் கிட்டத்தானே, ஏன் சுடவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. சூரியன் இருப்பது சுமார் 15 கோடி கிலோமீற்றருக்கு அப்பால். இரண்டு கிலோமீற்றர் கிட்டப் போவது கணக்கிலேயே வராது. காற்றைப் பெரும்பாலும் சூடாக்குவது வெயில் பட்ட தரையும் கடலும்தான்.

இனிக் கச்சான். வைகாசி கடந்தால் தென்மேல் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தை அள்ளிக்கொண்டு மேற்குக் கரையில் ஏறுகிறது. அது 28 பாகையில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 500 மீற்றரில் 5 பாகை குளிர்ந்து 23 ஆகும்போது, உள்ளிருக்கும் நீராவி ஒடுங்கி முகிலாகத் தொடங்கும். முக்கியமான இடம் இதுதான். ஒரு கிராம் நீராவி நீராகும்போது ஏறக்குறைய 2,500 யூல் மறைவெப்பம் வெளிப்படுகிறது. ஒரு கிலோ காற்றை இரண்டரைப் பாகை சூடாக்க அது போதும். ஆகவே அதற்கு மேல் ஏறும் காற்று 1,000 மீற்றருக்கு 5 பாகையளவே குளிர்கிறது. 2,000 மீற்றர் உயரத்தை அடையும்போது பதினைந்தரைப் பாகை. ஈரத்தில் பெரும்பகுதி மலையில் மழையாகக் கொட்டிவிட்டது. வாவிக் கரையில் நம் குடையை நனைத்ததும் அதுதான்.

மறுபக்கம் இறங்கும் காற்றில், ஆவியாகி வெப்பத்தை உறிஞ்ச முகில் துளிகள் அநேகமாக மிஞ்சவில்லை. அமுங்க அமுங்க அது முழு வேகத்தில், 1,000 மீற்றருக்கு 10 பாகையாகச் சூடேறுகிறது. இறங்கி முடியும்போது முப்பத்தைந்தரை. கிளம்பியதை விட ஏழரைப் பாகை அதிகம்! மழையாக விழுந்த நீர் விட்டுப்போன வெப்பம் அது. இது எளிமையாக்கிய கணக்கு: எல்லாக் காற்றும் மலை உச்சியைத் தாண்டி வருவதில்லை, வழியில் வறண்ட நிலமும் வெயிலும் தம் பங்கைச் சேர்க்கின்றன. என்றாலும் கச்சானின் சூட்டையும் வறட்சியையும் விளங்கிக்கொள்ள இது போதும். அல்ப்ஸ் மலையடிவாரத்தில் வீசும் ஃபோன் காற்றும் இதே வகைதான்.

மார்கழியில் திசை மாறும். வடகீழ்ப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தை நம் பக்கம் கொண்டுவரும். மழை நமக்கு, தை, மாசியில் வறண்ட பகல்கள் கொழும்புக்கு. நடுவில் நிற்கும் நுவரெலியாவுக்கு இரண்டு பருவத்திலும் மழை உண்டு.

வாவியை நல்ல வெளிச்சத்தில் பார்க்க விரும்பினால், இரண்டு காற்றும் ஓய்ந்திருக்கும் சித்திரையில் போங்கள். அப்போதும் பிற்பகலில் இடிமழை வரக்கூடும். படகுச் சவாரியைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.