சிறுநீரகம் திருப்பி எடுத்துக்கொள்ளும் நஞ்சு

"நான்ஸ்டிக் தோசைக்கல் கீறிவிட்டது, தூக்கிப் போடவா?" என்று சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கீறலுக்குப் பயப்பட வேண்டாம். கல்லின் பூச்சான டெஃப்லான் பெரிய மூலக்கூறு. துணுக்கு வயிற்றுக்குள் போனாலும் குடல் அதை உறிஞ்சாது. வெறும் கல்லைக் காயவிடுவதுதான் தவறு. 260 டிகிரி செல்சியசைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும்.

அந்தப் பூச்சைத் தயாரிக்கப் பல்லாண்டுகள் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற சிறு மூலக்கூறுதான் உண்மையான சிக்கல். பிஃபாஸ் எனப்படும், ஃபுளோரின் கொண்ட செயற்கை வேதிப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தது. தீயணைப்பு நுரையில் இருந்த பிஎஃப்ஓஎஸ் அதற்குச் சொந்தம்.

பார்வைக்கு இது கொழுப்பு அமிலம் மாதிரியே இருக்கும்: எட்டுக் கார்பன் சங்கிலி, ஒரு முனையில் அமிலம். ஆனால் சங்கிலியில் ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஃபுளோரின். கார்பன்-ஃபுளோரின் பிணைப்பை அறுக்க நம் கல்லீரல் நொதிகளால் முடியாது. இரத்தத்தில் உள்ள அல்புமின் புரதமோ இதைக் கொழுப்பு அமிலம் என்றே நினைத்துச் சுமந்து திரிகிறது. அல்புமினோடு ஒட்டியது சிறுநீரக வடிகட்டியில் இறங்காது. தப்பி இறங்கும் கொஞ்சத்தையும் நுண்குழாய்ச் சுவரிலுள்ள கடத்திப் புரதங்கள், வீணாகக் கூடாத சத்து என்று எண்ணி, இரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. பித்தநீர் வழியே குடலுக்குப் போனதும் அங்கே மறுபடி உறிஞ்சப்படுகிறது.

கடத்திகளின் கைவரிசையை எலிகளிடம் பார்க்கலாம். பெண் எலியின் உடலிலிருந்து பிஎஃப்ஓஏ சில மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும்; ஆண் எலிக்குச் சில நாள் ஆகும். கடத்திகளின் எண்ணிக்கையை ஹார்மோன் மாற்றுவதுதான் காரணம். மனிதரில் பாதியாகக் குறையவே இரண்டு முதல் நான்கு ஆண்டுகள். மூன்று என்று வைத்துக்கொண்டால், இன்று தண்ணீரோடு குடித்த பிஎஃப்ஓஏவில் எட்டில் ஒரு பங்கு ஒன்பது ஆண்டுக்குப் பிறகும் உள்ளே இருக்கும். 'நச்சு நீக்கும்' சாறுகளை விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதே இல்லை. ஆஸ்திரேலியத் தீயணைப்பு வீரர்கள் 285 பேரிடம் நடந்த சோதனையில், பிளாஸ்மா (இரத்தத்தின் திரவப் பகுதி) தானம் செய்தவர்களுக்குத்தான் பிஎஃப்ஓஎஸ் அளவு மிக நன்றாகக் குறைந்தது. அல்புமினோடு சேர்ந்தே வெளியேறுகிறது அல்லவா!

பிஎஃப்ஓஏ புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் வகைப்படுத்தியது. கொலஸ்ட்ரால் கூடுவது, தடுப்பூசியின் பலன் குறைவது ஆகியவற்றோடும் தொடர்பு உண்டு. ஐரோப்பாவில் பிஃபாசால் வரும் மருத்துவச் செலவு ஆண்டுக்கு 52 முதல் 84 பில்லியன் யூரோ என்று நோர்டிக் நாடுகளின் 2019 அறிக்கை கணக்கிட்டது. அமெரிக்கக் குடிநீர் அமைப்புகளுக்குக் குறைந்தது 10.3 பில்லியன் டாலர் தர, பிஃபாஸ் தயாரித்த 3எம் நிறுவனம் 2023இல் ஒப்புக்கொண்டது.

ஏன் இவ்வளவு செலவு? குடிநீரில் பிஎஃப்ஓஏவுக்கு அமெரிக்கா 2024இல் வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்துக்குக் கணக்குப் பார்த்தால் 10 மில்லிகிராம், ஏறக்குறைய அரை அரிசி. அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், பிஃபாஸ் பானையிலேயே தங்கும். கரி வடிகட்டி பிடிக்கும். ஆனால் குட்டைக் கார்பன் சங்கிலி கொண்ட பிஃபாஸ் வகைகள் சீக்கிரம் கசிந்துவிடுவதால் கரியை நேரத்துக்கு மாற்ற வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நம் சிங்கப்பூர்ப் புதுநீர் ஆலைகளில் இருப்பதுபோன்ற ஆர்ஓ சவ்வு மிக நன்றாகத் தடுக்கும்.

தடுப்பது வேறு, அழிப்பது வேறு. சவ்வு ஒதுக்கிய கழிவுநீரில் பிஃபாஸ் செறிந்து நிற்கிறது. 374 டிகிரிக்கு மேல், 221 பார் அழுத்தத்துக்கு மேல் நீரைக் கொண்டுபோய் ஆக்சிஜன் சேர்த்தால் கார்பன்-ஃபுளோரின் பிணைப்பு அறும். ஆனால் விலை அதிகம், வெளிவரும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உலோகத்தை அரிக்கும். ஆய்வுப் பணம் இங்கேதான் போக வேண்டும் என்பது என் கருத்து: அரிப்பைத் தாங்கும் கலனுக்கு.