பேவர்: பாவுகல்

எங்கள் கொல்லையில் மழைநீர் உறிஞ்சுகுழியைச் சுற்றிப் பேவர் கல் பதித்திருந்தோம். ஐப்பசி மழையில், குழியை ஒட்டிய வரிசை மட்டும் உள்பக்கமாகச் சரிந்துவிட்டது. பார்க்க வந்த கொத்தனார், "பேவர் ஒண்ணும் ஆகலை சார், ஓரத்துக்குத்தான் பிடிப்பு இல்ல. பெயர்த்துட்டுத் திரும்பப் பாவிடலாம்" என்றார். பேவர், பாவு இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

ஒலி ஒத்திருந்தாலும் இரண்டுக்கும் உறவு இல்லை. பேவர், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் வேர் இலத்தீனின் 'பவீரே'; அடித்து இறுக்குதல் என்று பொருள். நம் கொத்தனார்கள் சொல்லும் திமிசு போடுதல்தான் அது. தமிழ்ப் பாவுதலோ பரப்புதல், நெருக்கமாக வரிசைப்பட இடுதல். நாற்றங்காலில் விதை பாவுகிறோம். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பாவு என்றே பெயர். கோயில் பிராகாரத்தில் கல் பாவியிருக்கிறது. ஆகவே பேவருக்குப் பாவுகல் என்பதே சரியான சொல். தளக்கல் என்றும் சிலர் எழுதுகிறார்கள். டைல்ஸையும் அப்படியே சொல்வதால் குழப்பம் வரும்.

அப்புறம், தளத்தின் ஓரத்தில் ஊன்றும் கெர்ப் கல். இதன் வேர், வளைந்தது என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல். சாலையோரத்துக்கு வருவதற்கு முன்பே, கிணற்று வாயைச் சுற்றிய விளிம்புக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் இருந்தது. தமிழில் ஓரக்கல் என்றாலே புரியும். ஆனால் அதன் வேலை பாவிய கல்லை நகரவிடாமல் அணைத்துப் பிடிப்பது என்பதால், அணைகல் என்று சொல்லவே எனக்கு விருப்பம்.

எங்கள் கொல்லையில் இல்லாமல் போனதும் அதுதான். 60 மில்லிமீட்டர் கனக் கல், அடியில் எம்-சாண்ட், அவ்வளவே. பக்கத்தில் தடுப்பு இல்லாததால் அடிமணல் மழைதோறும் குழிக்குள் கரைந்து இறங்கியிருக்கிறது. கொத்தனார் இரண்டு வரிசையைப் பெயர்த்தார். ஜல்லி கொட்டித் திமிசால் இடித்தார். குழியோரம் கான்கிரீட்டில் அணைகல்லை ஊன்றி, அது இறுக இரண்டு நாள் விட்டார். பிறகு மணல் பரப்பி, மட்டம் பார்த்து, பழைய கல்லையே பாவினார். கடைசியில் இடுக்குகளில் சலித்த மணலைத் துடைப்பத்தால் தள்ளித் தள்ளி நிரப்பினார். கல்லுக்குக் கல் பிடித்துக்கொள்வது அந்த மணலால்தான்; மழைக்குப் பிறகு குறைந்திருந்தால் மறுபடி நிரப்ப வேண்டும்.