கூம்பும் கொம்பும் ஒன்றல்ல

‘கூம்பு ஏற்றப்பட்ட துணை ஒலிபெருக்கி.’ மேடை ஒலியமைப்பு பற்றிய ஒரு தமிழாக்கக் கையேட்டில் இந்தத் தொடரை முதலில் பார்த்தபோது பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒரு கட்டுரையில் வந்தது. இப்போது ஒரு காணொளியின் விளக்க வரியிலும் வந்துவிட்டது. மிகத் தாழ்ந்த ஒலிகளை விரிந்துகொண்டே போகும் காற்றுவழி ஒன்றின் மூலம் வெளியே தரும் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் ‘ஹார்ன் லோடட் சப்வூஃபர்’ என்று பெயர். அதற்குத் தமிழாக இதுவே நிலைபெற்றுவிடுமோ என்று அஞ்சுகிறேன். நான்கு சொற்களில் மூன்று பிழை. அதுவும் சிறு பிழையில்லை: படிப்பவர் மனத்தில் அந்தப் பெட்டி வேலை செய்யும் விதமே தலைகீழாகப் பதியும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’ என்றால் விலங்கின் கொம்பு. அதைத் துளைத்து ஊதியதால் ஊதுகருவிக்கும் அந்தப் பெயர் வந்தது. உலோகத்தில் செய்தபோதும் மாறவில்லை. ஒலிபெருக்கியில் குறுகிய தொண்டையில் தொடங்கி, விரிந்துகொண்டே போய், அகன்ற வாயில் முடியும் காற்றுவழிக்கும் அதுவே பெயர். தமிழில் ‘கொம்பு’ இதே பாதையில்தான் வந்திருக்கிறது: மாட்டின் தலையில் இருப்பதும் கொம்பு, வளைந்த உலோக ஊதுகருவியும் கொம்பு. பொருளும் வரலாறும் இப்படி ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் சொல் கலைச்சொல் ஆக்கத்தில் எளிதில் வாய்ப்பதில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் அது கிடக்க, ‘கூம்பு’ எங்கிருந்து வந்தது?

செய்தித்தாள்களில் வரும் ‘கூம்பு வடிவ ஒலிபெருக்கி’யிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்தத் தொடரோடு எனக்குச் சண்டை இல்லை. அங்கே ‘வடிவ’ என்ற சொல் காவலுக்கு நிற்கிறது; வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும் உருவத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். காவலை நீக்கிவிட்டு ‘கூம்பு’ என்று மட்டும் எழுதி, அதை ஒரு உறுப்பின் பெயராக ஆக்கும்போதுதான் கேடு தொடங்குகிறது. ஏனென்றால் ஒலிபெருக்கிக்குள் ஏற்கெனவே ஒரு கூம்பு இருக்கிறது. முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளும் அந்தத் தாள் சவ்வை உலகமே ‘கோன்’ என்கிறது. தமிழில் அதற்குக் கூம்பைத் தவிர வேறு பெயர் கிடையாது.

வரலாற்றையும் பாருங்கள். தொடக்ககால வானொலிப் பெட்டிகள் கொம்பு வழியாகத்தான் பேசின. 1925இல் பொறியாளர்கள் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் மின்சுருளால் அசையும் தாள் கூம்பு ஒன்றை அமைத்து, கொம்பில்லாமலே நேராகக் காற்றில் ஒலி எழுப்பிக் காட்டினார்கள். ஆக, கூம்பு வந்ததே கொம்புக்கு மாற்றாக. எதிரெதிராக நின்ற இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டினால், ‘கூம்பின் அசைவைக் கூம்பு கட்டுப்படுத்துகிறது’ என்று எழுத நேரும். யாருக்கு என்ன விளங்கும்?

இன்னும் ஆழமான பொருத்தமின்மை ஒன்று உண்டு. கூம்புதல் என்றால் குவிதல், ஒடுங்குதல். மாலையில் மலர் கூம்பும். ‘மலர்தலும் கூம்பலும் இல்லது அறிவு’ என்கிறது 425ஆம் குறள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஒலிபெருக்கியின் கொம்போ தொண்டையிலிருந்து வாய்வரை மலர்ந்துகொண்டே போவது. மலர்வதற்குக் கூம்புவது என்று பெயர் வைத்திருக்கிறோம். போதாததற்கு, பல கொம்புகள் கூம்பு வடிவத்தில்கூட இருப்பதில்லை. அவற்றின் குறுக்குப் பரப்பு ஒவ்வொரு சம தூரத்துக்கும் ஒரே மடங்கில் பெருகும். அதனால் சுவர் வளைந்து விரியும். நேர்ச் சுவர் கொண்ட உண்மையான கூம்பு வடிவக் கொம்பும் ஒரு தனி வகையாக உண்டு. நம் மொழிபெயர்ப்பாளர் அதை எப்படி எழுதுவார்? ‘கூம்புக் கூம்பு’ என்றா?

‘குழல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது இவ்வளவு மோசமில்லை. ஆனால் ஓரளவு சீரான அகலத்தில் நீண்ட காற்றுவழி கொண்ட பெட்டி வகை ஒன்று தனியாக இருக்கிறது. குழலை அதற்கு விட்டுவைப்போம்.

அடுத்தது ‘துணை’. துணை ஆட்சியர், துணை வேந்தர் என்று பழகிய கை ‘சப்’பைக் கண்டதும் துணையைப் போட்டுவிட்டது. ‘வூஃபர்’ நாயின் குரைப்பொலியிலிருந்து வந்த பெயர். தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஒலிபெருக்கி. அதற்கும் கீழே, ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்கு அடியில் உள்ளதைத் தருவது சப்வூஃபர். இங்கே ‘சப்’ என்றால் கீழ். அது யாருக்கும் உதவியாளர் இல்லை. சப்வூஃபர் என்றே எழுதலாம், எல்லோருக்கும் புரியும். தமிழில்தான் வேண்டுமென்றால் ‘அடியொலிப் பெட்டி’ என்பேன்.

‘ஏற்றப்பட்ட’ என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. லாரியில் மூட்டை ஏற்றியதுபோலப் பெட்டிமேல் எதையோ ஏற்றியிருக்கிறார்கள் என்று படிப்பவர் நினைப்பார். இங்கே ‘லோட்’ என்பது கூம்பு உணரும் காற்றின் சுமை. திறந்த வெளியில் கூம்புக்கு முன்னால் உள்ள காற்று, தாழ்ந்த அதிர்வெண்களில், பிடி கொடுக்காமல் விலகிவிடுகிறது. கூம்பு வெகுதூரம் அசைந்தும் ஒலியாக மாறுவது கொடுத்த மின்திறனில் மிகச் சிறு பங்குதான். கொம்பு இந்த நிலையை மாற்றுகிறது. குறுகிய தொண்டையில் காற்று எதிர்த்து நிற்கிறது, அழுத்தம் கூடுகிறது. கூம்பு கொஞ்சமே அசைந்தாலும் உழைப்பு வீணாவதில்லை. வாய்க்கு வரும்போது அந்த அழுத்தம் பரந்த காற்றின் அசைவாக மாறிவிடுகிறது. கொம்பு கூம்பின்மேல் சுமையை வைக்கிறது; கொம்பை யாரும் எதன்மேலும் ஏற்றவில்லை.

இந்த நன்மைக்கு விலை உண்டு. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 8.6 மீட்டர். கொம்பின் நீளம் அதில் கால் பங்காவது, அதாவது 2 மீட்டருக்கு மேல் வேண்டும். வெட்டவெளியில் வாயின் சுற்றளவு ஒரு முழு அலைநீளத்தை நெருங்க வேண்டும். தரையில் வைத்தால் பாதிப் பரப்பு போதும். அதற்கும் ஒற்றைப் பெட்டியின் வாய் எட்டாது. அதனால்தான் காற்றுவழியை உள்ளே மடித்து வைக்கிறார்கள், பல பெட்டிகளை வாயோடு வாய் சேர்த்து அடுக்குகிறார்கள். 1940களில் அமெரிக்கப் பொறியாளர் பால் கிளிப்ஷ் தம் மடித்த கொம்பை அறையின் மூலையில் வைத்து, சுவர்களையே கொம்பின் நீட்சியாக்கினார். மடித்த கொம்புக்கு ‘மடிகொம்பு’ என்பது அழகான வினைத்தொகை. ஏன் ஒருவரும் எழுதுவதில்லை?

மற்ற பெட்டிகளுக்குப் பெரிய வாதம் தேவையில்லை. முழுதும் அடைத்தது மூடிய பெட்டி. கூம்பின் பின்பக்க ஒலியையும் ஒரு துளை வழியே, உள்காற்றின் ஒத்ததிர்வால் வெளியே கொண்டுவருவது துளைப்பெட்டி. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் இதற்கு 1932இல் காப்புரிமை பெற்றார். கொம்பைவிடச் சிறியது, தூக்கிச் செல்ல எளிது. இன்றைய மேடைகளில் இதுவே மிகுதி. இதன் ஆங்கிலப் பெயரில் ‘ரிஃப்ளெக்ஸ்’ வருவதால் ‘அனிச்சைப் பெட்டி’ என்று எழுதிவிடாதீர்கள் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன். அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்து ஒட்டும் பழக்கம்தான் இத்தனைக்கும் வேர். மொழிபெயர்ப்பவர் ஒருமுறை அந்தப் பெட்டியின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்திருந்தால் போதும், ‘கூம்பு’ என்று எழுதக் கை வந்திருக்காது.

ஹார்ன் லோடட் பெட்டிக்குக் ‘கொம்புப் பெட்டி’ போதும். கூம்பின் முன்பக்கம் கொம்பில் பேசினால் முன்கொம்புப் பெட்டி. முன்பக்கம் நேராக வெளியே பேச, பின்பக்கம் மட்டும் கொம்பில் பேசினால் பின்கொம்புப் பெட்டி. அந்தக் கையேட்டில் இருந்த வரி: ‘கூம்பு ஏற்றப்பட்ட துணை ஒலிபெருக்கியில் கூம்பின் இயக்கம் குறைவு.’ அது இப்படி இருந்திருக்கலாம்: ‘கொம்புப் பெட்டியில் கூம்பு குறைவாகவே அசையும்.’