தலைப்புக்கு முன்னால் ஆவணம்

கல்வியாண்டு தொடங்கிய கொஞ்ச நாளில் எம்.ஏ. வரலாறு மாணவர்கள் ஆய்வேட்டுத் தலைப்போடு வருவார்கள். 'திருநெல்வேலி மாவட்ட வரலாறு - ஓர் ஆய்வு', 'விடுதலைப் போராட்டத்தில் நெல்லைச் சீமையின் பங்கு', 'தாமிரபரணி நாகரிகம்' என்று எல்லாம் ஆளுயரத் தலைப்புகள். "சரிப்பா, இதுக்கு எந்த ஆவணத்தைப் பார்க்கப் போறே?" என்று கேட்டால், "நெட்ல நிறைய இருக்கு சார்" என்பதுதான் பெரும்பாலும் பதில். பாளையங்கோட்டையில் நெறியாளராக இருந்து நான் பார்த்தவரை, பெரும்பாலான ஆய்வேடுகள் இந்த முதல் வாரத்திலேயே கெட்டுவிடுகின்றன. தலைப்பை முடிவு செய்துவிட்டு ஆவணம் தேடுகிறார்கள். ஆவணம் எங்கே இருக்கிறது, கைக்கு எட்டுமா, வாசிக்க முடியுமா என்று பார்த்துவிட்டல்லவா தலைப்பு வைக்க வேண்டும்?

கொஞ்சம் வாசித்த மாணவர் கால்டுவெல்லைச் சொல்வார். 1881-இல் வெளிவந்த அவருடைய திருநெல்வேலிச் சரித்திரம் இன்றும் புரட்ட வேண்டிய நூல்தான். ஆனால் அது 1801-இல், இந்தச் சீமை கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போனதோடு நின்றுவிடுகிறது. தலைப்புப் பக்கத்திலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. அப்படியிருந்தும் 1908 திருநெல்வேலி எழுச்சி பற்றிய அத்தியாயத்தில் கால்டுவெல்லை அடிக்குறிப்பில் போட்டு வருகிறவர்கள் உண்டு. மனுஷன் இறந்ததே 1891-இல்! பிற்காலத்துக்கு எச்.ஆர். பேட்டின் 1917 கெசட்டியர், அதாவது மாவட்ட விவரத் தொகுப்பு, இருக்கிறது. அதுவும் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் அரசுக்காக எழுதியது என்பதை மறக்காமல் வாசிக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, எந்தத் திருநெல்வேலி? இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு நேற்றைய கோப்பைத் தேடினால் கிடைக்காது. 1910-இல் இராமநாதபுரம் ஜில்லா உருவானபோது ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் நம்மைவிட்டுப் போயின. ஆகவே 1899 சிவகாசிக் கலவரத்தைப் படிக்கிறவர் அன்றைய திருநெல்வேலி ஜில்லாக் கோப்புகளைத்தான் கேட்க வேண்டும். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டம், 2019-இல் தென்காசி. எல்லாவற்றையும்விட ஆளைச் சுற்றவிடுவது செங்கோட்டை. அது முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். அந்தக் காலத்து அரசு ஆவணங்களுக்குத் திருவனந்தபுரம் போக வேண்டும், மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர் துணையும் வேண்டும். இது தெரியாமல் சென்னையில் தேடிவிட்டு, 'செங்கோட்டை பற்றி ஆவணங்கள் இல்லை' என்று முன்னுரையில் எழுதிவிடுகிறார்கள்.

மற்றபடி பழைய ஜில்லாவின் அரசாணைகளும் கலெக்டர் கடிதங்களும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில்தான். நெல்லை எக்ஸ்பிரஸில் போய் இறங்கினால் ஸ்டேஷனுக்கு எதிரே கட்டடம் தெரியும். நெறியாளர் கடிதமும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். 'கட்டபொம்மன் பைல் குடுங்க' என்று கேட்டால் அங்கே யாராலும் எடுத்துத் தர முடியாது. துறை, ஆணை எண், தேதி வேண்டும். அந்த எண்களைச் சேகரிக்கவே முதல் பயணம் சரியாகப் போய்விடும்.

தலைப்பை எப்படிச் சுருக்குவது என்பதற்கு 1908-ஐயே எடுத்துக்கொள்வோம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் மார்ச் 12-இல் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். பிறகு ஊரில் தண்டக் காவல் படையை நிறுத்தி, அந்தச் செலவை மக்கள் தலையிலேயே வரியாகக் கட்டினார்கள். 'வ.உ.சி.யின் பங்கு' என்று இன்னொரு இருநூறு பக்கம் எழுதுவதைவிட, அந்தத் தண்ட வரி யார் யார்மீது விழுந்தது, யார் விலக்குக் கேட்டு மனுப் போட்டார்கள் என்று ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு போகலாமே. அரசாணை, காவல்துறைக் குறிப்பு, அன்றைய பத்திரிகை, வ.உ.சி. வழக்கில் நீதிபதி பின்ஹே அளித்த தீர்ப்பு என்று ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியிருக்கிறது. போலீஸ் 'கலகம்' என்று எழுதியதை அப்படியே எடுத்து நம் வாக்கியத்தில் போட்டுவிடாமல் இருக்கவும் அந்த ஒப்பீடு உதவும்.

தேதி விஷயத்தில் மாணவர்கள் சறுக்குவதுபோல வேறெதிலும் சறுக்குவதில்லை. நம் பக்கத்துப் பழைய ஓலைகளில், பத்திரங்களில் மலையாள நாட்டில் வழங்கிய கொல்லம் ஆண்டுதான் அதிகம். அதோடு 825-ஐக் கூட்டினால் கி.பி. வந்துவிடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பாதிதான் சரி. நம் ஊர்ப் பக்கம் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் மார்கழி நடு வரை 824, அதற்குப் பிறகு ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். கொல்லம் 1050 ஐப்பசி என்றால் 1874; அதே 1050 தை என்றால் 1875. வருவாய்த்துறைக் கணக்கில் வரும் பசலி ஆண்டுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை 590, மற்ற மாதங்களுக்கு 591. வெறும் 'தாது வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். உள்ளே வரும் அதிகாரி பெயரோ நாணயமோதான் காட்டிக்கொடுக்கும். பாண்டியர் கல்வெட்டில் 'யாண்டு 2-ஆவதின் எதிர் 9-ஆவது' என்று வந்தால் இரண்டையும் கூட்டிப் பதினொன்று என்று கொள்ள வேண்டும். அதன் பிறகும், அதே பெயரில் பலர் இருந்ததால், எந்தச் சடையவர்மன் சுந்தரபாண்டியன் என்ற வழக்கு பாக்கி இருக்கும்.

கலெக்டர் ஜாக்சனோடு கட்டபொம்மன் பேசியதாக சினிமா வசனத்தை ஆய்வேட்டில் எழுதுவது இன்னும் நின்றபாடில்லை. கதைப்பாடலை எடுத்தாள்வது வேறு. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை தேடித் தொகுத்தாரே, அவை மக்கள் அவனை எப்படி நினைவில் வைத்திருந்தார்கள் என்பதற்குச் சான்று. 1798-இல் என்ன பேசினார்கள் என்பதற்கு அல்ல. இப்போது புதிதாக ஏஐ செயலிகள் வந்திருக்கின்றன. கேட்டால் ஆணை எண், தேதி, பக்கம் எல்லாம் போட்டு அழகாக அடிக்குறிப்பு தருகின்றன. எழும்பூரில் போய்க் கேட்டால் அப்படியொரு ஆணையே இருக்காது. கண்ணால் பார்க்காத ஆவணத்தை அடிக்குறிப்பில் போடாதீர்கள். இன்னொருவர் நூல் வழியாகப் பார்த்திருந்தால் அந்த நூலைச் சொல்லுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பழைய ஆய்வேட்டில் பெயரை மாற்றி பைண்டிங் போட்டுத் தருகிற கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. யுஜிசியின் 2018 விதிகளின்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை பத்து சதவீதத்தைத் தாண்டினால் திருத்தி எழுத வேண்டும். அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. தமிழில் எழுதினால் மென்பொருள் கண்டுபிடிக்காது என்று கடைக்காரர் சொல்வார். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் எதிரே உட்கார்ந்திருக்கிறவர் மென்பொருள் அல்லவே.

சென்னை போக வசதியில்லாதவர்களுக்கு மேற்கே மலை இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காட்டில் உருவான மாஞ்சோலை எஸ்டேட்டில், குத்தகை முடியும் முன்பே நிறுவனம் வேலையை நிறுத்திவிட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த குடும்பங்கள் கீழே இறங்கிப் பல ஊர்களுக்குச் சிதறுகின்றன. இதை இப்போது கேட்டுப் பதியாவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது. "ஆச்சி, எந்த வருஷம் மலைக்குப் போனீங்க?" என்றால் பதில் வராது. "மூத்தவ பிறந்தது மலையிலயா, கீழயா?" என்று கேளுங்கள், கதை தானாக வரும். அந்தப் பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ், ரேஷன் அட்டை, எஸ்டேட் சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு அதை ஒப்பிட்டு ஆண்டைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. 1999 ஜூலை 23 அன்று எஸ்டேட் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடியின்போது தாமிரபரணியில் பதினேழு பேர் உயிர்போனதைப் பற்றிப் பேச மனமில்லாதவர்களைத் தூண்டித் துருவாதீர்கள். பேசுகிறவரிடம் பெயரைப் போடலாமா, மாற்ற வேண்டுமா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவை போனில் மட்டும் வைத்திருக்காமல், ஊர், தேதி குறித்த பட்டியலோடு ஒரு பிரதியைத் துறை நூலகத்தில் ஒப்படையுங்கள். அடுத்து அந்தப் பக்கம் ஆய்வு செய்ய வருகிற மாணவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.