நீல ட்யூப் வேண்டாம்

காட்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஆயில் பெயின்டிங் வகுப்பில் முகம் வரைய நாலே ட்யூப்தான் தந்தார்கள். வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு. தாத்தா கையில் ஓடும் நீல நரம்புக்கு எங்கே போவேன்?"

சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் கூட்டு இது. கறுப்போடு வெள்ளையைக் குழைத்துச் சாம்பலாக்கி, தோல் நிறத்தின் நடுவே ஒரு கோடு இழுங்கள். நீலமாகத் தெரியும். வீட்டில்தான் கறுப்பு ஆகாது என்பார்கள் என்று பார்த்தால், சில ஓவிய ஆசிரியர்களும் அதையே சொல்கிறார்கள். எனக்கு இரண்டிலும் நம்பிக்கையில்லை.

விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் இருப்பது பள்ளியில் படித்ததுதான். ஆனால் அவை வாங்கிய ஒளியின் அளவு அப்படியே மூளைக்குப் போவதில்லை. ஒன்றைவிட இன்னொன்று எவ்வளவு கூட, பக்கத்து இடத்தைவிட இங்கே எவ்வளவு குறைவு என்ற வித்தியாசம்தான் போகிறது. மே மாத வேலூர் வெயிலிலிருந்து ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஜில்லென்கிறதே, அந்த மாதிரி. தெர்மாமீட்டர் வைத்தால் அங்கேயும் சூடுதான். ஓவியத்திலும் சுற்றிலும் காவி கலந்த தோல் நிறம் இருக்க, நடுவிலுள்ள சாம்பல் "சிவப்பும் மஞ்சளும் இங்கே குறைவு" என்று பதிவாகிறது. அந்தக் குறைவுக்கு மூளை வைத்த பெயர் நீலம்.

இதில் வேடிக்கை, தாத்தாவின் நரம்பும் இதே வித்தைதான். (பாடப்புத்தகத்தில் அது சிரை. ஆனால் ரத்தம் எடுக்க வருபவர் "நரம்பே கிடைக்கலையே" என்றுதான் சொல்வார்.) அதன் மேலுள்ள தோலிலிருந்து நீலத்தைவிடச் சிவப்பு ஒளிதான் அதிகம் திரும்புகிறது. சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் குறைவாகத் திரும்புகிறது, அவ்வளவுதான். சாம்பல் நிற அட்டையில் சின்ன ஓட்டை போட்டு, நரம்பு மட்டும் தெரிகிற மாதிரி மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். நீலம் பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

1824-இல் பாரிஸின் கோப்லன் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்புச் சாயம் எடுபடவில்லை என்ற புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்து நூலின் நிறம்தான் கெடுத்திருக்கிறது. துருவித் துருவி 1839-இல் தடித்த புத்தகமே எழுதிவிட்டார். முதல் பக்கத்திலேயே "இதனால் என்ன பயன்?" என்று கேட்கும் இன்றைய ஆராய்ச்சி நிதி விண்ணப்பங்களில் அவர் தேறியிருப்பாரா, சந்தேகம்தான்.

சரி, வகுப்புக்கு வருவோம். கலக்கும் தட்டில் பார்த்துவிட்டு "வெறும் சாம்பல்தானே" என்று கைவிடாதீர்கள். முதலில் கேன்வாஸில் கையின் தோல் நிறத்தைப் பூசிவிட்டு, அப்புறம் கோட்டை இழுங்கள். நீலம் தூக்கலாகத் தெரிந்தால், அந்தச் சாம்பலில் துளி காவி சேர்த்தால் அடங்கிவிடும்.