பியர் ரிவ்யூ ஆன பேப்பர்தானே மேம், அப்புறம் என்ன?

எம்எஸ்சி ரெண்டாம் வருஷப் பிள்ளைங்களுக்கு ப்ராஜெக்ட் கைடா இருக்கேன். பொங்கல் லீவு முடிஞ்சா லிட்டரேச்சர் ரிவ்யூ சாப்டர் (ஏற்கனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதறது) கட்டுக்கட்டா மேஜைக்கு வந்துடும். தடுப்பூசி போட ஜனங்க ஏன் தயங்குறாங்கன்னு டாபிக் எடுத்த ஒரு பொண்ணு எழுதிக் கொண்டுவந்ததுல ஒரு வரி, எம்எம்ஆர் தடுப்பூசியால (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லாவுக்குப் போடறது) ஆட்டிசம் வருதுன்னு வேக்ஃபீல்டுங்கற பிரிட்டன் டாக்டரும் கூட இருந்தவங்களும் 1998-ல நிரூபிச்சாங்கன்னு. ஏம்மா இதை எங்க எடுத்தேன்னு கேட்டா, "லான்செட்ல வந்தது மேம், பியர் ரிவ்யூ ஆன பேப்பர்தான்"னு சொல்லுது, முகத்துல துளி சந்தேகம் இல்ல. லான்செட்னா பேர்போன மருத்துவ ஜர்னல், பியர் ரிவ்யூன்னா அச்சுக்கு முன்னாடி அதே துறைக்காரங்க படிச்சுப் பாக்கறது.

ரெண்டு பேரும் உக்காந்து அந்த பிடிஎஃப்பை திறந்தோம். பக்கத்துக்குப் பக்கம் குறுக்கால சிவப்பு எழுத்துல ரிட்ராக்டட்னு இருக்கு, அதாவது திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பொண்ணு அதைப் பாக்கவே இல்ல, ஏன்னா பேப்பரைத் திறக்கவே இல்ல, வேற யாரோ எழுதின கட்டுரையோட முன்னுரையில இருந்த ஒரு வரியை எடுத்து மாத்தி எழுதியிருக்கு. அந்தப் பேப்பர்ல ஆராய்ஞ்சது மொத்தமே 12 குழந்தைங்க. அதைவிட முக்கியம், கடைசிப் பகுதியில தடுப்பூசிக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பு இருக்குன்னு நாங்க நிரூபிக்கலன்னு அவங்களே எழுதியிருக்காங்க! அந்தப் பேப்பரை எழுதினவங்கள்ல பத்து பேர் 2004-ல அந்த விளக்கத்துல இருந்து பின்வாங்கிட்டாங்க, 2010 பிப்ரவரியில லான்செட்டே முழுசா திரும்ப வாங்கிடுச்சு, அதே வருஷம் வேக்ஃபீல்டோட டாக்டர் பதிவும் பிரிட்டன்ல போயிடுச்சு. இவ்வளவும் நடந்து இத்தனை வருஷம் கழிச்சு என் மாணவி நோட்டுல "நிரூபிச்சாங்க"ன்னு உக்காந்திருக்குன்னா எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

பியர் ரிவ்யூன்னா என்னன்னு யாரும் இவங்களுக்கு உக்கார வச்சு சொல்றதில்ல. ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி நினைக்கிறாங்க. நடக்கறது என்னன்னா, பேப்பர் முதல்ல எடிட்டர்கிட்ட போகும், நிறைய அங்கேயே திரும்பிடும். தாண்டினா அதே துறையில வேலை பாக்கற ரெண்டு மூணு பேருக்குப் போகும், பெரும்பாலும் சம்பளம் இல்லாம சொந்த வேலைக்கு நடுவுல படிச்சு, முறை சரியா, சொன்ன முடிவுக்கு ஆதாரம் போதுமா, எதை விட்டுட்டாங்கன்னு எழுதிக் குடுப்பாங்க. ஆனா அவங்க லேபுக்கு வந்து பாக்கறதில்ல, ஆஸ்பத்திரி ரெக்கார்டைப் புரட்டறதில்ல, குடுத்த டேட்டா நெஜம்னு நம்பித்தான் படிக்கறாங்க. அதனால பொய் டேட்டா சில சமயம் நழுவிடும். 2020 மே மாசம் அதே லான்செட்ல கொரோனாவுக்குக் குடுத்த ஹைட்ராக்சிகுளோரோக்வின் மருந்து பத்தி 96,000 நோயாளிங்க கணக்குன்னு வந்த பேப்பர், டேட்டாவை யாராலயும் சரிபார்க்க முடியலன்னு ரெண்டு வாரத்துல திரும்பப் போச்சு. இதுக்காக பியர் ரிவ்யூவே வேஸ்ட்னு சொல்ல வரல, நல்ல ரிவ்யூவர் எழுதின மூணு பக்கம் ஒரு பேப்பரையே தூக்கி நிறுத்தும், நான் அனுபவிச்சிருக்கேன். அது முதல் சல்லடை, அவ்வளவுதான்.

சல்லடையே இல்லாத ஜர்னலும் இருக்கு. 2013-ல ஜான் போஹானன்னு ஒருத்தர் சயின்ஸ் பத்திரிகைக்காக, வேணும்னே தப்பு தப்பா ஒரு புற்றுநோய் மருந்துப் பேப்பர் ஜோடிச்சு 304 ஜர்னலுக்கு அனுப்பினார், 157 ஏத்துக்கிச்சு. நம்ம பிள்ளைங்க மெயில்லயும் "மூணு நாள்ல பப்ளிஷ்"னு வருதுல்ல, அந்த ரகம். பேப்பரோட முதல் பக்கத்துலயே பெரும்பாலும் ரிசீவ்ட், ரிவைஸ்ட், அக்செப்டட்னு (வந்தது, திருத்தினது, ஏத்துக்கிட்டது) தேதி போட்டிருப்பாங்க, அதைப் பாருங்க, ரெண்டு மூணு நாள்ல எல்லாம் முடிஞ்சிருந்தா சந்தேகப்படுங்க.

படிச்ச பேப்பரை இவங்க சுருக்கி எழுதறதுதான் எனக்குப் பெரிய கவலை. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி ஒப்புமை, அதாவது மத்தவங்க எழுதினதோட வார்த்தை ஒத்துப்போறது, 10 சதவீதம் வரைக்கும் தண்டனை இல்ல, அதுக்குள்ள கொண்டுவரணும்னு பிள்ளைங்க வார்த்தையை மாத்தித் தர்ற டூல்ல போட்டு எடுக்கறாங்க. அது என்ன பண்ணும் தெரியுமா? பிரெஸ்ட் கேன்சரை "புஸம் பெரில்"னு (மார்பு ஆபத்து) மாத்தும், ஆர்ட்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸை "கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்"னு (போலி உணர்வு) மாத்தும். இதெல்லாம் அச்சான பேப்பர்லயே கிடந்ததை கியோம் கபனாக்குங்கற பிரான்ஸ் ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் 2021-ல வெளிய கொண்டுவந்தாங்க, ரிவ்யூ ஆனதா சொல்ற ஜர்னல்லயும் இருந்துச்சு.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, பேப்பரைப் படிச்சு முடிச்சதும் லேப்டாப்பை மூடிடுங்க. யாரை ஆராய்ஞ்சாங்க, எத்தனை பேரு, என்ன பண்ணாங்க, என்ன கிடைச்சுது, எது தங்களுக்குத் தெரியலன்னு அவங்களே ஒத்துக்கறாங்க, இதை பக்கத்து ரூம் ஃப்ரெண்டுக்கு சொல்ற மாதிரி எழுதுங்க, எழுத வரலன்னா புரியலன்னு அர்த்தம், திரும்பப் படிங்க. அப்புறமா திறந்து எண்ணையும் வினைச்சொல்லையும் சரிபாருங்க. அவங்க "தொடர்பு இருக்கலாம்"னு சொன்னதை நாம "காரணம்"னு ஆக்கிடறோம், தப்பு முக்காவாசி அங்கதான். சுருக்கம் உங்க சொந்த நடையில இருந்தாலும் சைட்டேஷன் (எந்தப் பேப்பர்ல இருந்து எடுத்ததுங்கற குறிப்பு) போடணும், விஷயம் அவங்களோடது.

அந்தப் பொண்ணு மறுநாள் அந்தப் பத்தியை மாத்தி எழுதிக் கொண்டுவந்துச்சு. 12 குழந்தைங்க, நிரூபிக்கலன்னு அவங்களே சொன்னது, 2010-ல திரும்பப் பெற்றது, அதுக்கப்புறமும் பெத்தவங்க பயம் போகாதது, நாலு வரிதான். பயம் ஏன் போகலங்கறதே இப்ப அதோட சாப்டர்ல தனித் தலைப்பு, மீதி 31 பேப்பரை ஒண்ணொண்ணா திறந்து பாத்துட்டிருக்கு.