கேண்டி கம்மிங்ஸின் பந்து வளைந்தது எப்படி?

அமெரிக்கப் பந்துவீச்சாளர் வில்லியம் ஆர்தர் கம்மிங்ஸ், செல்லமாகக் கேண்டி, தொழில்முறை பேஸ்பால் ஆடியது 1872 முதல் 1877 வரை ஆறே சீசன். எடை சுமார் 54 கிலோ. அந்த ஒல்லி உடம்போடு 145 ஆட்டங்களை வென்றார் என்றால் காரணம் வேகமல்ல, மணிக்கட்டு.

1863-ல் புரூக்ளினில் சிறுவர்களோடு கிளிஞ்சல் ஓடுகளை வீசியபோது அவை வளைந்து பறந்தன; பந்தையும் இப்படி வளைத்தால் என்ன என்று தோன்றியதாகப் பின்னாளில் அவரே எழுதினார். உண்மையில் கிளிஞ்சல் ஓடு வளைவதில் அதன் தட்டையான வடிவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. உருண்டைப் பந்துக்குச் சுழற்சிதான் கதி.

சுழலும் பந்தின் பரப்பும் தையலும், ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப்படலத்தையும் சேர்த்து இழுக்கின்றன. ஒரு பக்கம் பரப்பு எதிர்க்காற்றோடு சேர்ந்து பின்னோக்கி ஓடுகிறது. அங்கே படலம் தாமதமாகப் பிரிகிறது. மறுபக்கம் பரப்பு காற்றை எதிர்த்து வருவதால் படலம் சீக்கிரமே பிய்த்துக்கொள்கிறது. பின்னால் வெளியேறும் காற்று அந்த மறுபக்கம் ஒதுங்க, பந்து முதலில் சொன்ன பக்கம் விலகுகிறது. பீரங்கிக் குண்டுகள் தடம் மாறுவதை ஆராய்ந்த ஜெர்மானியர் மேக்னஸ் 1852-ல் விளக்கிய விளைவு இது. கிரிக்கெட்டில் சுழல்பந்து காற்றிலேயே நகர்வதும் இதனால்தான். புதுப்பந்தின் ஸ்விங் வேறு கதை.

விலகல் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அன்று வீசிய தூரம் 45 அடி. பாதி வழியில் பந்து விலகியிருப்பது மொத்தத்தில் கால்பங்குதான். மிச்ச முக்கால் பங்கும் கடைசிப் பாதியில். மட்டையாளர் கண்ணுக்குப் பந்து திடீரென ஒடிந்ததுபோல் தெரிவது அதனால்தான். 1959-ல் அமெரிக்க இயற்பியலாளர் லைமன் பிரிக்ஸ் காற்றுச் சுரங்கத்தில் அளந்தபோது, நிமிடத்துக்கு 1,800 சுற்றில் 60 அடிக்கு 17.5 அங்குல விலகல் கிடைத்தது. மட்டையாளர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் இலக்குத் தகடான ஹோம் பிளேட்டின் இன்றைய அகலமே 17 அங்குலம்!

கை இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. பந்தை விரல்நுனிகளில் இறுக்கிப் பிடித்து, விடும் கணத்தில் மணிக்கட்டைப் பக்கவாட்டில் சட்டென வெட்டித் திருப்பினால் பந்து பம்பரம்போல் செங்குத்து அச்சில் சுழன்று பக்கவாட்டில் வளையும். அச்சு சாய்ந்து, பந்து போகும் திசையிலேயே நீண்டுவிட்டால் துப்பாக்கித் தோட்டாபோலச் சுழலும். சுற்று எத்தனை இருந்தாலும் வளைவு வராது. விரல் வழுக்கிச் சுற்று குறைந்தாலோ, அது மெதுவான நேர்ப்பந்து, மட்டையாளருக்கு விருந்து. காற்று எதிரே அடித்தால் வளைவு நன்றாக விழுந்தது என்றும் கம்மிங்ஸ் எழுதியிருக்கிறார். கணக்கும் அதையே சொல்கிறது: பந்தைக் கடக்கும் காற்றின் வேகம் கூடினால் விசையும் கூடும்.

1875-ல் ஹார்ட்ஃபோர்டு அணிக்காக 35 வெற்றிகள். மறு ஆண்டு அதே அணியின் டாமி பாண்ட் 31 ஆட்டங்களை வெல்ல, கம்மிங்ஸுக்கு 16-தான். அவற்றில் இரண்டு செப்டம்பர் 9 அன்று ஒரே நாளில் வீசி வென்றவை. 1877-ல் சின்சினாட்டி அணியில் 5 வெற்றி, 14 தோல்வி. அதற்குள் மற்றவர்களும் மணிக்கட்டை வெட்டித் திருப்பப் பழகியிருந்தார்கள். அவர் பிறகு மாசசூசெட்ஸின் ஏதால் ஊரில் பெயின்ட், வால்பேப்பர் கடை நடத்தினார்.